நனைந்த உடம்பைத் தேடிய முள்ளம்பன்றி

ஒரு காட்டில் எதைத் தேடுவதாக இருந்தாலும் எல்லோரும் மைனாவிடம்தான் போவார்கள்.

அந்த மைனா இலுப்பை மரத்தின் உச்சியில் இருந்தது. அதன் பேச்சைக் கேட்க நாற்பது மைனாக்கள் இருந்தன. நீங்கள் இரண்டு சொல் சொன்னால் போதும். நாற்பதும் நாற்பது பக்கம் பறக்கும். அந்தச் சொல்லை எங்கே, எப்போது, யார் சொல்லியிருந்தாலும் கேட்டறிந்துகொண்டு, நீங்கள் ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் திரும்பிவிடும். எதை அதிகம் பேர் சொல்கிறார்களோ அதை மைனா முதலில் ஒப்பிக்கும். மெய்யா பொய்யா என்று பார்ப்பது தன் வேலை இல்லை என்று அது நினைத்தது.

காகமும் தேடித் தரும். ஆனால் யாருக்கு எது பிடிக்கும் என்று காகத்துக்கு நன்றாகத் தெரியும். அதனால் காகத்திடம் போனவர்கள் எப்போதும் சந்தோஷமாகத் திரும்பினார்கள்.

அந்த வருஷம் கோடை கடுமையாக இருந்தது. யானைக் குட்டையில் சேறுகூடக் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துவிட்டது. முள்ளம்பன்றி தன் இரண்டு குட்டிகளையும் காரைப் புதரின் நிழலில் படுக்க வைத்தது. அவற்றின் கால்களில் இன்னும் ஒரு நடைக்குத்தான் தெம்பு இருந்தது. தண்ணீர் இருக்கும் பக்கம் நடந்தால் பிழைத்துக்கொள்ளும். பக்கம் தவறினால் திரும்பி வரக் கால் இருக்காது.

முள்ளம்பன்றி இலுப்பை மரத்தடிக்கு ஓடியது. அங்கே கரடி நின்றுகொண்டிருந்தது. கரடிக்குக் காத்திருக்கத் தெரியாது. மரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.

"உலுக்காதீர்கள் அண்ணே, தலை சுற்றுகிறது. எதைத் தேட வேண்டும்?" என்றது மைனா.

"தண்ணீர்!" என்றது கரடி.

நாற்பதும் பறந்தன. நாற்பதும் வந்தன.

"ஆயிரத்து இருநூறு பதில்கள்" என்று மைனா தொண்டையைச் செருமிக்கொண்டது. "முதல் பதில், நரிப்பாறை. இனிப்பான தண்ணீர், முழங்கால் ஆழம். இரண்டாவது, நரிப்பாறை. மூன்றாவதும் நரிப்பாறைதான். நானூறாவது பதில் ஆமை சொன்னது. யானைக் குட்டையில் தண்ணீர் ததும்புகிறது."

"குட்டை வெடித்துக் கிடக்கிறதே!" என்றது முள்ளம்பன்றி.

"ஆமை அதைச் சொன்னது போன ஐப்பசியில். அடுத்தது மயில். ‘என் ஆட்டத்தைப் பார்க்க யாருமில்லை, கண்ணில் தண்ணீர் வருகிறது.’"

"மயில் அழுதால் எனக்கென்ன?" என்றது கரடி. "முதல் பதில் போதும். நான் நரிப்பாறைக்குப் போகிறேன்."

"கொஞ்சம் பொறுங்கள் அண்ணே. இன்னொருவரிடமும் கேட்டுவிட்டுப் போகலாம்" என்றது முள்ளம்பன்றி.

"கேட்டுவிட்டேனே! வரும் வழியில் காகத்திடம் கேட்டேன். அதுவும் நரிப்பாறை என்றுதான் சொன்னது. பக்கத்திலேயே பெரிய தேனடையும் இருக்கிறதாம்."

"தேனடையைப் பற்றி நீங்கள் கேட்டீர்களா?"

"இல்லை. அதற்கே தெரிகிறது! எவ்வளவு கெட்டிக்காரக் காகம்!"

கரடி கிழக்கே பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டது.

முள்ளம்பன்றி போகவில்லை. அதற்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால், அந்தப் பதிலையே மறுபடி கேள்வி கேட்கும். இதனால் காட்டில் அதனோடு பேச யாருக்கும் பிடிக்காது.

"மைனா, நரிப்பாறையில் தண்ணீர் இருப்பதாக எத்தனை பேர் சொல்கிறார்கள்?"

"முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர்."

"யார் யார்?"

மைனா ஒரு காலை மாற்றி நின்றது. "எல்லோரும் சில்வண்டுகள்தான்."

"சில்வண்டு மரச்சாறு அல்லவா குடிக்கும்? தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது அக்கா. நரிதான் சொல்லிக்கொடுத்ததாம். நாள் முழுக்க அதையே பாடினால் நரிப்பாறை மரங்களில் இடம் தருவதாகச் சொன்னதாம்."

முள்ளம்பன்றியின் முட்கள் சிலிர்த்தன. தாகத்தில் தள்ளாடி வரும் குட்டிகளை நரி எப்படி வரவேற்கும் என்று அதற்குத் தெரியும்.

"சரி. ‘நரிப்பாறையில் தண்ணீர் குடித்தேன்’ என்று யாராவது சொல்கிறார்களா? தேடிப் பார்."

நாற்பதும் பறந்தன. நாற்பதும் வெறுமனே வந்தன.

"ஒரு பதிலும் இல்லை" என்றது மைனா. அதற்குக் கூச்சமாக இருந்தது. யாரையும் வெறுங்கையோடு அனுப்பி அதற்குப் பழக்கமில்லை. "‘நரிப்பாறையில் தண்ணீர்’ என்று கேட்க நினைத்தீர்களோ? அதற்கென்றால் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது..."

"நான் என்ன கேட்க நினைத்தேனோ அதைத்தான் கேட்டேன்."

வெயில் ஏறியது. முள்ளம்பன்றி காரைப் புதரைத் திரும்பிப் பார்த்தது. சின்னக் குட்டி நாக்கை நீட்டிக்கொண்டு படுத்திருந்தது. இனி எதைக் கேட்பது? தண்ணீர் என்று கேட்டால் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறவர்கள்தான் கிடைக்கிறார்கள். தாகத்தில் இருப்பவர்கள்தான் அதைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். குடித்தவர் ஏன் பேசப் போகிறார்?

அது மைனாவை ஏற இறங்கப் பார்த்தது. மைனாவின் சிறகெல்லாம் புழுதி. தன் முட்களிலும் புழுதி. காடு முழுக்க எல்லோர் மேலும் புழுதி.

"மைனா, உங்களுக்கெல்லாம் கண் இருக்கிறதல்லவா?"

"இதென்ன கேள்வி? எண்பது கண் இருக்கிறது" என்றது மைனா கோபமாக.

"அப்படியானால் இந்த முறை காதால் தேட வேண்டாம். கண்ணால் தேடுங்கள். இன்று காலையில் நனைந்த உடம்பு யாருக்காவது இருக்கிறதா?"

"தண்ணீர் என்ற சொல்லே வேண்டாமா?"

"வேண்டாம்."

நாற்பதும் பறந்தன. இந்தத் தடவை முள்ளம்பன்றி ஒன்பது கொட்டாவி விட்டது. பத்தாவதுக்கு வாயைத் திறந்தபோது மைனாக்கள் வந்துசேர்ந்தன.

"ஒரே ஒரு பதில்" என்றது மைனா. அதன் குரல் மாறியிருந்தது. "காட்டோரப் பொட்டலில் ஒரு கல்கௌதாரி. அதன் மார்பு இறகு சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது."

முள்ளம்பன்றி குட்டிகளை எழுப்பவில்லை. முதலில் தான் மட்டும் பொட்டலுக்குப் போனது. கல்கௌதாரி கற்களோடு கல்லாக உட்கார்ந்திருந்தது. மூன்று குஞ்சுகள் அதன் மார்பில் அலகை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தன. முள்ளம்பன்றி கிட்டப் போய் மோந்து பார்த்தது. பாசி வாசனை அடித்தது.

"தம்பி, இது எங்கே நனைந்தது?"

கல்கௌதாரி பயந்த சுபாவம். மெதுவாகச் சொன்னது. "மேற்கே. விழுந்த மருதமரத்தின் வேர்ப் பள்ளத்தில் ஊற்று இருக்கிறது. தினமும் காலையில் போய் நனைத்து வருவேன்."

"இதை யாரிடமும் சொல்லவில்லையா?"

"எனக்குப் பேச வராது. நனைத்துக்கொண்டு வரத்தான் வரும்."

முள்ளம்பன்றி குட்டிகளை மேற்கே நடத்திச் சென்றது. வேர்ப் பள்ளத்தில் தண்ணீர் பளிச்சென்று கிடந்தது. சின்னக் குட்டி குடிக்கவில்லை. நேராக உள்ளே விழுந்தது.

மறுநாள் மைனாவின் வாயிலாகச் செய்தி காடெங்கும் பரவியது. மானும் முயலும் வந்தன. எல்லோருக்கும் கடைசியாகக் கரடி வந்தது. பாறைச் சூட்டில் அதன் உள்ளங்கால் கொப்பளித்திருந்தது.

"தண்ணீரும் இல்லை, தேனடையும் இல்லை" என்று முனகியபடி கால்களை ஊற்றில் நனைத்தது. "என்னைப் பார்த்ததும் நரி ஓடிவிட்டது. ஏனோ என் அளவுக்குப் பெரிய விருந்தாளியை அது எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது."

மூன்றாம் நாள் முள்ளம்பன்றி கொஞ்சம் இலந்தைப் பழத்தோடு மைனாவைப் பார்க்கப் போனது. மரத்தடியில் நரி நின்றுகொண்டிருந்தது. அதன் நாக்கு தரையைத் தொட்டது. கரடி போனதும் திரும்பி வந்து பாறையிலேயே காத்திருந்து காத்திருந்து அதற்கே தாகம் எடுத்துவிட்டது.

"சீக்கிரம் தேடு!" என்று கத்தியது நரி. "தண்ணீர்!"

நாற்பதும் பறந்தன. நாற்பதும் வந்தன. மைனா தொண்டையைச் செருமிக்கொண்டது.

"முதல் பதில், நரிப்பாறை. இனிப்பான தண்ணீர், முழங்கால் ஆழம். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் சொல்கிறார்கள்."

"அது நான் சொல்லிக்கொடுத்ததடா, முட்டாள் பறவையே!"

"இருக்கலாம். நீங்கள் கேட்டதற்கு அதுதான் முதலில் வருகிறது."

நரி பல்லைக் கடித்துக்கொண்டு மைனாவையே முறைத்தது. பக்கத்தில் நின்ற முள்ளம்பன்றியின் முட்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நரி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நீதி: முதலில் வரும் பதில் பலர் சொன்ன பதில் மட்டுமே; யார் சொன்னது, எப்படித் தெரியும் என்று கேட்டுத் தேடுகிறவருக்கே உண்மை கிடைக்கும்.