படத்துக்கு விழுந்த மாலை

ஒரு காட்டில், குழந்தைகளே, சிங்கராஜாவுக்குத் தூக்கமே போய்விட்டது. பக்கத்துக் காட்டுக் கரடி ஓர் ஈயை ராக்கெட்டில் ஏற்றி வானத்துக்கு அனுப்பிவிட்டதாம்! "ஈ போன இடத்துக்கு நம்மால் போக முடியாதா?" என்று சிங்கம் உறுமியது.

மந்திரி நரி உடனே ஒரு ராக்கெட்டைக் கட்டி, உச்சியில் ஒரு கூண்டு வைத்தது. யாரை ஏற்றுவது? குரங்கை உட்காரவைத்தால் ஆணியைப் பிடுங்கியது. பூனை பிறாண்டியது. முயலுக்கு அழுகை நிற்கவில்லை. செவலை என்ற நாய் மட்டும் "உட்கார்" என்றதும் உட்கார்ந்தது. "எழுந்திரு" என்று சொல்ல நரி மறந்துவிட்டதால் மூன்று நாள் அப்படியே உட்கார்ந்திருந்தது. அவ்வளவு நல்ல நாய்!

"செவலைத் தங்கச்சி, உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?" என்று நரி ஐஸ் வைத்தது. அதுவரை "ஏய் நாயே" என்று கூப்பிட்ட வாய்தான். செவலைக்குக் கால் தரையில் பாவவில்லை. நான்கு குட்டிகளையும் நக்கிக்கொடுத்து, "அம்மா வானத்துக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியது.

ராக்கெட் புறப்படும் முன் பாராட்டு விழா. மேடையில் செவலையின் பெரிய படம். படத்துக்குச் சந்தனப் பொட்டு, மல்லிகை மாலை, முன்னால் விளக்கு, ஊதுபத்தி. செவலை பெருமையோடு பார்த்தது. பார்க்கப் பார்க்க அதன் வால் ஆடுவது நின்றது. உயிரோடு இருப்பவர்களுக்குக் கழுத்தில் அல்லவா மாலை போடுவார்கள்?

"மந்திரியாரே, நான் இங்கேதானே நிற்கிறேன். மாலை ஏன் படத்துக்கு?"

"உன் கழுத்து சின்னது. மாலை பெரிது."

"நான் எப்படி இறங்கி வருவேன்?"

நரி தொண்டையைக் கனைத்தது. "ஏறுவதற்கே இப்போதுதான் வழி கண்டுபிடித்திருக்கிறோம். இறங்குவதற்கு இன்னும் பத்து வருஷம் ஆகும். உனக்கு ஒரு சிலை வைக்கிறோம், கவலைப்படாதே."

செவலை, சாயங்காலம் வழி பார்த்துக் காத்திருக்கும் குட்டிகளை நினைத்தது. ஓடலாம் என்றால் சுற்றிலும் புலிகள் காவல். நேராகச் சிங்கராஜாவின் முன்னால் போய், வழக்கம்போல உட்கார்ந்தது.

"ராஜா, நான் சொன்னதைச் செய்கிறவள். சொல்ல ஆள் இல்லையென்றால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. வானத்தில் 'உட்கார்' என்று யார் சொல்வார்கள்? நான் பாட்டுக்கு எழுந்து ஆடினால் கூண்டு சாய்ந்து உங்கள் குகைமேல் விழுமே! மந்திரியாரும் கூட வந்தால் நல்லது."

"நியாயம்தான்," என்றது சிங்கம். "மந்திரி, நீயும் ஏறு. யாரங்கே, இன்னொரு படமும் மாலையும் கொண்டுவா!"

நரி அவசரமாகக் குறுக்கே வந்தது. "ராஜா, ஒரு சின்ன வேலை பாக்கி. இறங்கும் வழி..."

"அதற்குப் பத்து வருஷம் ஆகும் என்றாயே?"

"யார் சொன்னது? ஒரே வாரம் போதும்!"

சொன்னபடி ஏழாம் நாள் கூண்டின் தலையில் ஒரு பெரிய பாராசூட் முளைத்திருந்தது. இரண்டும் ஏறின, வானத்தைப் பார்த்தன, சாயங்காலத்துக்குள் குளத்தில் தொப்பென்று வந்து விழுந்தன.

"வானம் கண்ட மாவீரன் வாழ்க!" என்று கூட்டம் நரியைத் தோளில் தூக்கியது. மாலை அதன் கழுத்தில் விழுந்தது. செவலையை யாரும் தேடவில்லை. அது நனைந்த உடம்போடு குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது.

நீதி: அனுப்புகிறவரும் கூட ஏறினால்தான் திரும்பி வரும் வழி பிறக்கும்.