சென்னியப்பனின் உப்புத்தாள்

"அம்மிணி, என் வண்டியில பேட்டரிக்கு சார்ஜே ஏற மாட்டேங்குது."

சென்னியப்பன் மொபெட்டில் கட்டிக் கொண்டுவந்த டிராக்டர் பேட்டரியைப் பட்டறை வாசலில் இறக்கி வைத்தார்.

வஞ்சிக்கொடி நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு லாரியின் ஹாரனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாராபுரம் பக்கத்தில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை என்றால் அவள்தான். வேலையில் கெட்டிக்காரி. பேச்சில் மகா கஞ்சம்.

"பெல்ட்டு புதுசுங்க. டைனமோவுக்கு கார்பன் புதுசு. பேட்டரியும் புதுசு. டைனமோ ஜோராச் சுத்துது. மீட்டர் முள்ளு மட்டும் செத்த பாம்பாட்டக் கெடக்குது."

"பெயிண்ட் அடிச்சீங்களாண்ணா?"

சென்னியப்பனின் முகம் மலர்ந்துவிட்டது. இப்படி ஒருத்தராவது கேட்க மாட்டார்களா என்றுதானே அவர் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தார்!

"அடிக்காம? வருசா வருசம் மாரியம்மன் நோம்பிக்கு அடிக்கறதுதானுங்களே. இந்தத் தடவை வண்டியவே அக்கு அக்காக் கழட்டிட்டேன். ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியா, உள்ள, வெளிய, இடுக்கு, சந்து, நட்டு, போல்ட்டு..."

வஞ்சிக்கொடி எழுந்து போய், ஒரு துண்டு உப்புத்தாளைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

"தேய்ங்க."

எங்கே என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கேட்காதவருக்குச் சொல்வது அவள் வழக்கமில்லை.

சென்னியப்பனின் டிராக்டர் அவருடைய அப்பா காலத்து வண்டி. உழவுக்கு இப்போது அது போவதில்லை. ஆனால் வருசத்துக்கு ஒருநாள் மாரியம்மன் சப்பரத்தை இழுக்கும். அந்த உரிமை அவர் வீட்டுக்கு மட்டும்தான்.

அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சப்பரம் ஒவ்வொரு தெருமுக்கிலும் நிற்கும். சாமி நின்றால் எஞ்சினும் நிற்க வேண்டும். பெண்கள் மாவிளக்குக் காட்டி முடித்த பிறகு மறுபடி கிளப்ப வேண்டும்.

போன வருசம் குளத்துமேட்டு முக்கில் நின்ற வண்டி கிளம்பவே இல்லை. சாவியைத் திருகத் திருக "டிக், டிக்" என்றது, அவ்வளவுதான். பங்காளி கொழந்தவேலு தன்னுடைய புது டிராக்டரைக் கொண்டுவந்து சப்பரத்தை இழுத்துப்போனார். சென்னியப்பன் அங்கேயே தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அன்றைக்குச் செத்துப்போயிருக்கலாம் என்று இருந்தது அவருக்கு.

இந்த வருசமும் நின்றால் உரிமை கொழந்தவேலுவுக்கு என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிட்டார்கள்.

நோம்பியன்று காலையில் சென்னியப்பன் பட்டறைக்கு ஓடி வந்தார்.

"அம்மிணி! சொன்னபடியே தேச்சுட்டேன்! கண்ணாடியாட்ட வந்துருச்சு. மேல இன்னொரு கோட்டும் அடிச்சுட்டேன்!"

வஞ்சிக்கொடி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"முள்ளு அசைஞ்சுதுங்களா?"

"அதத்தான் கேக்க வந்தேன்."

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு பட்டறையைச் சாத்தினாள்.

அவருடைய தோட்டத்துச் சாளையில் டிராக்டர் நீலமும் சிவப்புமாக மின்னிக்கொண்டு நின்றது. அன்றைக்குப் பிறந்தது போல இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் இல்லையா, அழகு என்றால் அப்படி ஓர் அழகு. வஞ்சிக்கொடியே ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தாள்.

"கெளப்புங்க."

எஞ்சின் கிளம்பியது. முள் நடுவில் நின்றது. அவள் விளக்கைப் போட்டாள். முள் இடது பக்கம் சாய்ந்தது.

"பாத்தீங்களா, ஏறாததோட பேட்டரியில இருக்கறதையும் கொட்டுது," என்றார் சென்னியப்பன்.

"டைனமோவுல இருந்து கரண்ட்டு எது வழியா வருதுங்ண்ணா?"

"இந்தா, இந்த வயர்ல."

"திரும்பிப் போறது?"

"எங்க திரும்பிப் போறது?"

"வந்தது திரும்பிப் போகோணுமில்ல. போனாத்தான மறுபடி வரும். அந்த வயரக் காட்டுங்க."

சென்னியப்பன் குனிந்து தேடினார். படுத்துத் தேடினார். பானெட்டைத் தூக்கிவிட்டுத் தேடினார். வேட்டியெல்லாம் கிரீஸாகிவிட்டது. பாவம், இல்லாத வயரை எங்கே தேடுவார்?

"அப்படியொரு வயரே இல்லீங்களே! கம்பெனிக்காரன் வெக்க மறந்துட்டானா?"

"அப்பறம் இத்தன வருசமா எப்படி ஓடுச்சு?"

அவர் மறுபடி பானெட்டுக்குள் தலையை விட்டார்.

ஊருக்குள் பறை அடிக்கத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் கொழந்தவேலுவின் புது டிராக்டர் ஹாரன் அடித்துக்கொண்டே சாளைப் பக்கமாகப் போனது. வேண்டுமென்றே அந்த வழியாக வந்திருப்பார்.

"விளையாடற நேரமாங்க இது?" சென்னியப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. "இன்னிக்கு நின்னுதுன்னா ஊருக்குள்ள மொகத்தக் காட்ட முடியாதுங்க. எங்கப்பன் இழுத்த சப்பரமுங்க."

வஞ்சிக்கொடி பையிலிருந்து ஒரு வயரை எடுத்தாள். இரண்டு முனையிலும் கிளிப் இருந்தது. ஒன்றைப் பேட்டரியின் எர்த்து முனையில் மாட்டினாள். இன்னொன்றை டைனமோவின் உடம்பில் வைத்து நறுக்கென்று ஒரு அழுத்து அழுத்தினாள். கடுகளவு பெயிண்ட் பெயர்ந்தது.

முள் துள்ளியது!

இடது பக்கம் கிடந்தது நடுவைத் தாண்டி வலது பக்கம் ஏறி நின்றது.

"ஏறுது! ஏறுதுங்க!"

கிளிப்பை எடுத்தாள். முள் விழுந்தது.

வைத்தாள். ஏறியது.

"போதும், போதும்! அந்த வயரயே கட்டி உட்ருங்க! கோடிப் புண்ணியம்!"

"கட்டறேன். டைனமோவுல எங்க கட்டட்டும்? இரும்பு தெரியற எடமாப் பாத்துச் சொல்லுங்க."

சென்னியப்பன் டைனமோவைப் பார்த்தார். அது உட்கார்ந்திருக்கும் பிராக்கெட்டைப் பார்த்தார். பிராக்கெட் சேர்கிற எஞ்சினைப் பார்த்தார். நடுவிலிருக்கும் போல்ட்டுகளைப் பார்த்தார். எல்லாவற்றிலும் அவர் முகம்தான் பளபளவென்று தெரிந்தது. இரும்பு எங்கேயும் தெரியவில்லை.

அவர் வாய் மெதுவாகத் திறந்தது.

"வண்டியேதானா அந்த வயரு? அதத்தான் பெயிண்ட் பூசி அடச்சுட்டனா?"

வஞ்சிக்கொடி எஞ்சினை நிறுத்தினாள். டைனமோவின் போல்ட்டுகளைக் கழற்றினாள். பிராக்கெட்டையும் கழற்றி அவர் முன்னால் வைத்தாள். பிறகு உப்புத்தாளை நீட்டினாள்.

சென்னியப்பனின் கை பின்வாங்கியது.

"ஆத்தாளுக்குன்னு அடிச்ச பெயிண்டுங்க அம்மிணி. வெரதம் இருந்து அடிச்சது. நீங்களே தேச்சுருங்க, நான் அக்கட்டால திரும்பிக்கறேன்."

"நீங்க அடிச்சது. நீங்களே எடுங்க."

"ஆத்தா கோவிச்சுக்குவாளே."

"ஆத்தா பெயிண்டப் பாக்க வர்றாங்களா, ஊர் சுத்த வர்றாங்களா?"

பறைச் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

சென்னியப்பன் உப்புத்தாளைப் பிடுங்கினார். முதல் தேய்ப்பில் அவருக்கே தோல் உரிந்த மாதிரி இருந்தது. இரண்டாவதில் சிவப்பு போனது. அப்புறம் போன வருசத்து நீலம். அதற்கு முந்தின வருசத்துப் பச்சை. அதற்கும் அடியில் ஒரு மஞ்சள். அட, இத்தனையா பூசியிருக்கிறோம்! அவருக்கு வெறி வந்துவிட்டது. கரகரவென்று தேய்த்தார். பிராக்கெட் சேர்கிற இடம், டைனமோ உட்கார்கிற இடம், போல்ட்டுத் தலையின் அடிப்பாகம், எல்லாவற்றையும் தேய்த்தார். கடைசியில் வெள்ளி மாதிரி இரும்பு எட்டிப் பார்த்தது.

அவரே மாட்டினார். அவரே முடுக்கினார். வஞ்சிக்கொடி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

சாவியைத் திருகினார்.

முள் ஏறியது. விளக்கைப் போட்டார். அப்போதும் வலது பக்கமே நின்றது. ஹாரனை அமுக்கினார், விட்டார், மறுபடி அமுக்கினார். சீட்டில் எழுந்து நின்று கூத்தாடினார். கீழே குதித்து ஓடிவந்து வஞ்சிக்கொடியின் காலில் விழப் போனார். அவள் விலகிக்கொண்டாள்.

"நேரமாச்சு. போங்க."

அன்று பொழுது சாயச் சப்பரம் குளத்துமேட்டு முக்குக்கு வந்து நின்றது.

எஞ்சினும் நின்றது.

ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. கொழந்தவேலு தன் டிராக்டரைத் தயாராகப் பக்கத்துச் சந்தில் நிறுத்தி வைத்திருந்தார். பெண்கள் மாவிளக்குக் காட்டி முடித்தார்கள். பூசாரி கையைத் தூக்கினார்.

சென்னியப்பன் சாவியைத் திருகினார்.

கிழட்டு எஞ்சின் ஒரே உறுமலில் எழுந்தது! சப்பரத்து பல்புகள் பளீரென்று எரிந்தன. பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ துண்டைத் தூக்கி வானத்தில் வீசினார்கள். சென்னியப்பனுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு எதுவுமே தெரியவில்லை.

கொழந்தவேலு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பொல்லாதவர் இல்லை அவர். வாயெல்லாம் சிரிப்பாக டிராக்டர் படியில் ஏறி நின்றார்.

"எப்படிங்ண்ணா? என்ன வைத்தியம் பண்ணுனீங்க? என் பழைய வண்டியும் இப்படித்தான் சார்ஜ் ஏறாமச் சாளையில கெடக்குது."

சென்னியப்பன் வாயைத் திறந்தார். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற வஞ்சிக்கொடியின் மேல் கண் போயிற்று. வாயை மூடிக்கொண்டார்.

சட்டைப் பையிலிருந்து தேய்ந்துபோன உப்புத்தாளை எடுத்துக் கொழந்தவேலுவின் கையில் வைத்தார்.

கொழந்தவேலு அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"தேச்சுட்டு, புதுசாப் பெயிண்ட் அடிக்கோணுமுங்களா?"

சென்னியப்பன் கியரைப் போட்டார்.