வாசல் தகடு

சிறுமலை அடிவாரத்தில் தேன்பெட்டிகளோடு குடியிருந்த குருவுக்கு ஒரே ஒரு சீடர். பெயர் மாசிலாமணி. குருவைவிடப் பத்து வயது மூத்த சீடர். மனைவி போனபின் வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் தேனீ வளர்க்கக் கற்க வந்தவர். குரு கொடுத்த ஒற்றைப் பெட்டிதான் இப்போது அவருக்குத் துணை. சாயங்காலமானால் அதில் காதை வைத்து உட்கார்ந்துவிடுவார்.

ஆடிக்காற்றில் காட்டுப்பூ எல்லாம் உதிர்ந்துபோன சமயம், ஒருநாள் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"சாமி, ஈ கிளம்பப் பாக்குது. பெட்டி வாசல்ல தகடு வச்சு நிறுத்தியிருக்கேன்."

அந்தத் தகட்டின் துளையில் மற்ற ஈக்கள் புகுந்து வரும். உடல் பெருத்த ராணி வர முடியாது. ராணி வராமல் கூட்டம் போகாது.

குரு கூடவே போனார். பெட்டியைத் திறந்து ஓர் அடையைத் தூக்கிப் பார்த்தார். கனமே இல்லை.

"வைகாசியில எவ்வளவு தேன் எடுத்தீங்க, பெரியவரே?"

"எல்லாத்தையும்."

"உங்களுக்குத்தான் இனிப்பு ஆகாதே."

"தெருவுல வீட்டுக்கு ஒரு பாட்டில் குடுத்தேன். அந்தச் சாக்குல நாலு பேர் வந்து உக்காந்து பேசுவாங்கன்னு."

"பேசினாங்களா?"

"வாங்கிட்டுப் போனாங்க."

குரு தகட்டில் கை வைத்தார். மாசிலாமணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் சாமி. சர்க்கரைப்பாகு வச்சிருக்கேன்."

"தொட்டுச்சா?"

மாசிலாமணி குறையாமல் இருந்த பாகுக் கிண்ணத்தைப் பார்த்தார். பிடித்த கையை விட்டார். குரு தகட்டைக் கழற்றினார்.

கூட்டம் வெளியே வந்து, கூரைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி, மலைப்பக்கம் போய்விட்டது. வீடு அமைதியானது. மனைவியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் பஸ் ஏறிய அன்று கேட்ட அதே அமைதி. கிழவருக்குத் தாங்கவில்லை. படியில் உட்கார்ந்து அழுதார்.

குரு பெட்டியைச் சுத்தம் செய்து, உள்ளே மெழுகு தேய்த்து, பழைய இடத்திலேயே வைத்தார்.

"திரும்பி வருமா சாமி?"

"தெரியாது. வேற கூட்டம் வந்தாலும் வரும்."

"அதுவும் ஒருநாள் போயிடுமே. தகடும் இல்லாம, எதை நம்பி நான் இருக்கிறது?"

குரு கையிலிருந்த மெழுகைத் துண்டில் துடைத்தார்.

"என் குடிசைக்குக் கதவே கிடையாது, பெரியவரே. நீங்க வராத நாள்லயும் நான் ரெண்டு பேருக்குத்தான் கஞ்சி வைக்கிறேன்."