கீரிக்குச் சாட்சி சொன்ன ஆட்காட்டி

ஒரு காட்டில், ஆறு வளைகிற இடத்தில், அகலமான மணல்திட்டு ஒன்று இருந்தது. கௌதாரிக்கும் காடைக்கும் மரத்தில் கூடு கட்டத் தெரியாது அல்லவா? அவை அந்தத் திட்டில்தான் தரையோடு தரையாக முட்டையிட்டன. அவற்றுக்குக் காவல் ஆட்காட்டிக் குருவி.

அந்தக் காட்டில் எந்த வேலை செய்யவும் உரிமம் வேண்டும். காவல் உரிமம் பெற்றவர் கழுத்தில் குன்றிமணி மாலை போட்டுக்கொள்ளலாம். ஆட்காட்டி அந்த மாலையோடு, நீண்ட மஞ்சள் கால்களை எட்டி வைத்து, திட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்கும். பாம்பின் தலை தெரிந்தால் காடே அதிரும்படி கத்தும். அதைக் கேட்டுத் தாய்ப்பறவைகள் ஓடிவந்து மண்ணை வாரி இறைத்துப் பாம்பை விரட்டும். நன்றிக்குக் கரையான் கொண்டுவந்து கொடுக்கும். "ஆட்காட்டி அண்ணன் இல்லாவிட்டால் நம் கதி என்ன?" என்று பேசிக்கொள்ளும். கரையானைவிட அந்தப் பேச்சுத்தான் ஆட்காட்டிக்கு ருசி.

அந்த ஆண்டு மாமரம் பூத்தபோது, கீரி காட்டுக்குத் திரும்பி வந்தது.

முன்பு ஒரு பஞ்ச காலத்தில் மயிலின் முட்டைகளைத் திருடித் தின்ற குற்றத்துக்காக அதை ஆற்றுக்கு அப்பால் விரட்டியிருந்தார்கள். தண்டனைக் காலம் முழுவதையும் அங்கே கழித்துவிட்டு வந்திருந்தது. ஓடைப்பக்கத்து முட்புதரில் தங்கிக்கொண்டு, வெட்டுக்கிளி பிடித்துத் தின்று, பேச்சில்லாமல் கிடந்தது. ஆனால் அப்படியே கிடந்துவிட முடியாது. மழை தொடங்குவதற்குள் ஒரு வேலை தேடிக்கொள்ளாதவர் காட்டைவிட்டே போகவேண்டும். அது அங்கே சட்டம்.

ஒரு நாள் கௌதாரியின் கூட்டை நோக்கி நாகம் ஒன்று ஊர்ந்து வந்தது. ஆட்காட்டி கத்தியது. கௌதாரி அலறியது. மண்ணை வாரி இறைத்தும் நாகம் அசையவில்லை. ஆற்றில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கீரி ஒரே பாய்ச்சலில் வந்து, அதன் கழுத்தைக் கவ்வி இழுத்துக்கொண்டு போய்விட்டது. முட்டைகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"கீரி பக்கத்தில் இருந்தால் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும் போலிருக்கிறது" என்றது கௌதாரி.

ஆட்காட்டிக்குச் சுருக்கென்றது. "ஏன், இத்தனை நாள் நான் காவல் காத்தபோது உனக்குத் தூக்கம் வரவில்லையா?"

"உன் குரலுக்கு எப்படி அண்ணே தூக்கம் வரும்? அது எழுப்புகிற குரலாயிற்றே!"

சுற்றியிருந்த பறவைகள் எல்லாம் சிரித்தன. ஆட்காட்டியும் சிரிப்பதுபோல அலகைத் திறந்து மூடியது. ஆனால் அன்று வந்த கரையான் அதற்கு இறங்கவில்லை.

'திருடனுக்கா இந்தப் பேர்? எவ்வளவு நாள் நல்லவன் வேஷம் போடுவான், பார்க்கிறேன். ஒரே ஒரு முட்டையைத் தொடட்டும். கையும் களவுமாகப் பிடிக்கிறேன்.'

அன்று முதல் கீரி போன இடமெல்லாம் ஆட்காட்டியும் போயிற்று. கீரி ஓடைக்குப் போனால் ஓடைக்கரைப் பாறைமேல் நின்றது. கீரி உறங்கினால் புதருக்கு எதிரே ஒற்றைக்காலில் நின்றது. ஒரு வெயில் நாளில் கௌதாரி இரை தேடப் போயிருந்தபோது, கீரி அதன் கூட்டருகே போய் நின்றது. 'மாட்டினாய்!' என்று ஆட்காட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டது. கீரியோ தன் வாலை விரித்து, வெயில் படாமல் முட்டைகளுக்கு நிழல் பிடித்தது. கௌதாரி திரும்பி வரும் அரவம் கேட்டதும் மெல்ல நழுவிவிட்டது.

திருடியிருந்தால்கூட ஆட்காட்டிக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

கோடையின் நடுவில் ஒரு நாள் காடையின் முட்டைகள் அத்தனையும் காணாமல் போயின. எல்லோர் பார்வையும் முட்புதர்ப் பக்கம் திரும்பியது. கீரி அன்று முழுவதும் ஓடையில் நண்டு பிடித்துக்கொண்டிருந்தது என்பது ஆட்காட்டிக்குத் தெரியும். பாறைமேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்ததல்லவா? ஆனால் வாய் திறக்கவில்லை. "யாரைச் சொல்வது, காலம் அப்படி" என்று மட்டும் முனகியது.

மழைமேகம் கூடத் தொடங்கியபோது, கீரி காவல் உரிமம் கேட்டு ஆமையிடம் போயிற்று. காட்டில் உரிமம் வழங்கும் அதிகாரி ஆமைதான்.

"உன்மேல் குற்றம் இருக்கிறதே" என்றது ஆமை.

"தண்டனை முடிந்துவிட்டது, ஐயா."

"தண்டனை முடிந்தது சரி. குற்றம் எங்கே முடிந்தது?"

"குற்றம் எப்போது முடியும் என்று சொன்னால், அதுவரை காத்திருப்பேன்."

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. பதில் தெரியாத கேள்வி வந்தால் அது அப்படித்தான் செய்யும்.

அருகே நின்ற ஆட்காட்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் கீரி ஓய்ந்துவிடவில்லை. காட்டின் நீதிபதியான பெண்யானையிடம் மேல்முறையீடு செய்தது.

மருதமர நிழலில் காடு கூடியது. யானை பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டது.

"மயில் முட்டையைத் தின்றது பழைய குற்றம். காடையின் முட்டைகள் போனது புதிய சந்தேகம். அதனால் மறுத்தேன்" என்றது ஆமை.

"கீரி, நீ என்ன சொல்கிறாய்?"

"பழையதைச் செய்தேன், அம்மா. புதியதைச் செய்யவில்லை."

"நீ சொன்னால் போதாது. உனக்கு வேண்டியவர் சொன்னாலும் செல்லாது. உனக்கு வேண்டாதவர் ஒருவர், உன்னை அருகிலிருந்து பார்த்தவர், வந்து சொல்லவேண்டும். யாராவது இருக்கிறார்களா?"

கீரி சுற்றிலும் பார்த்தது. பார்வை பட்ட முகங்கள் எல்லாம் குனிந்துகொண்டன. அது தலையைத் தொங்கப் போட்டது. "யாரும் இல்லை, அம்மா."

அத்தோடு முடிந்திருக்கும். மழை விழுவதற்குள் கீரி காட்டைவிட்டுப் போயிருக்கும். ஆட்காட்டி சும்மா இருந்திருந்தால் போதும்.

அப்போது பார்த்துக் கௌதாரி, "பார்த்தால் நல்லவன் மாதிரித்தான் தெரிகிறது" என்றது.

ஆட்காட்டிக்குப் பொறுக்கவில்லை. "தெரிகிறதாம்! உனக்கு என்ன தெரியும்? இவன் எங்கே படுக்கிறான், எப்போது எழுகிறான், எந்தப் பக்கம் திரும்பித் தும்முகிறான் என்று எனக்குத் தெரியும்! அந்த நாகம் வந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட விடாமல் இவன் பின்னாலேயே அலைந்தவன் நான்!"

யானை காதை விரித்தது. "அப்படியா? இங்கே வா. கீரி உனக்கு நண்பனா?"

"சீச்சீ! இவனா?"

"இவனுக்கு உரிமம் கிடைத்தால் உனக்குச் சந்தோஷமா?"

"என் கண் அவிந்துபோகும்!"

"நல்லது. உன்னைவிட வேண்டாத சாட்சி யார் கிடைப்பார்? இத்தனை நாளில் இவன் ஒரு முட்டையாவது திருடுவதைப் பார்த்தாயா?"

ஆட்காட்டி வாயைத் திறந்தது. 'பார்த்தேன்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. பார்த்திருந்தால் ஏன் கத்தவில்லை என்று கேட்பார்களே! கத்தாத ஆட்காட்டிக்குக் கழுத்தில் மாலை எதற்கு?

"கூட்டருகே போய் நின்றான்!" என்றது.

"நின்று?"

"வாலை விரித்தான்."

"விரித்து?"

"...நிழல் பிடித்தான்."

"ஐயோ, அது நீயா?" என்று கௌதாரி கீரியைப் பார்த்துக் கேட்டது. கீரி வெட்கப்பட்டு மண்ணைக் கீறியது.

"காடையின் முட்டைகள் போன நாளில்?" என்றது யானை.

ஆட்காட்டியின் குரல் இறங்கிப்போயிற்று. "ஓடையில் நண்டு பிடித்துக்கொண்டிருந்தான்."

"நீ உன் கண்ணால் பார்த்தாயா?"

"பொழுது விடிந்ததிலிருந்து அடையும்வரை பார்த்தேன்."

கூட்டம் கலகலவென்று பேச ஆரம்பித்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே காடை முன்னால் வந்தது. யாரிடமும் அதிர்ந்து பேசாத பறவை அது.

"அண்ணே" என்றது, "பொழுது முழுவதும் நீங்கள் ஓடைப்பக்கம் இருந்தீர்கள் என்றால், அன்றைக்கு என் கூட்டுக்குக் காவல் யார்?"



ஆட்காட்டி ஆமையைப் பார்த்தது. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. கௌதாரியைப் பார்த்தது. அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. காடை மட்டும் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தது.

யானை சொன்னது: "பழைய குற்றத்துக்குப் பழைய தண்டனை முடிந்தது. ஒரே குற்றத்துக்குக் காலமெல்லாம் தண்டிக்க இந்தக் காட்டில் யாருக்கும் அதிகாரம் இல்லை. புதிய குற்றம் எதுவும் இல்லை என்று வேண்டாதவரே சொல்லிவிட்டார். மணல்திட்டின் காவல் இனிக் கீரிக்கு. காவலை விட்டுப் போன காவலாளியின் மாலையைக் கழற்றுங்கள்."

ஆமை ஆட்காட்டியின் கழுத்திலிருந்த குன்றிமணி மாலையை அவிழ்த்துக் கீரியின் கழுத்தில் போட்டது. முதல் மழைத்துளி விழும்போது கீரி காடையோடு திட்டை நோக்கி நடந்தது.

ஆட்காட்டி பார்த்துக்கொண்டே நின்றது. தன் கழுத்தில் இருந்ததைவிட அந்தக் கழுத்தில் மாலை நன்றாகச் சிவந்து தெரிந்தது. மாலை போனதைக்கூட அது பொறுத்துக்கொண்டிருக்கும்; அந்தச் சிவப்பைத்தான் பொறுக்க முடியவில்லை.

நீதி: அடுத்தவர் எப்போது தவறுவார் என்று கண்விழித்துக் கிடப்பவர், தம் காவலைத் தாமே கைவிடுகிறார்.