நல்ல தண்ணி

குருவுக்கு முப்பத்தொன்பது வயது, சீடருக்கு ஐம்பத்திரண்டு. அதனால் குரு சீடரை "சார்" என்பார், சீடர் குருவை "மேடம்" என்பார். மரியாதைக்குக் குறைவில்லை. பொறுமைதான் இருவருக்கும் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

குரு மெஹருன்னிசா. மன்னார் வளைகுடாக் கரையில் ஒரு கடல் ஆய்வகத்தில் சிங்கி இறாலின் மோப்பத்தை ஆராய்கிறவர். சீடர் சிகாமணி, கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். முனைவர் பட்டத்துக்கு ஏழு வருடமாக மல்லுக்கட்டுகிறார். சிங்கி இறாலின் நரம்பு ஒன்றாவது ஒரு வாசனைக்குப் பதில் சொல்வதை வெள்ளிக்கிழமைக்குள் பதிவுசெய்து காட்ட வேண்டும். இல்லையென்றால் ஏழு வருடமும் போச்சு.

அன்று புதன்கிழமை.

"மேடம், வாசனை எப்படித்தான் கரண்டா மாறுது?"

மெஹருன்னிசா பேனாவை மேசைமேல் போட்டார். இதே கேள்விக்கு ஒருமுறை படம் வரைந்து காட்டியிருந்தார், ஒருமுறை புத்தகத்தைக் கையில் கொடுத்திருந்தார். சமீபத்தில் தலையைப் பிடித்துக்கொள்வதோடு சரி.

"இப்ப என்ன சார்?"

"சிக்னல் வரல."

"எவ்வளவு மட்டிச் சாறு விட்டீங்க?" சிங்கி இறால் விரும்பித் தின்னும் மட்டிச் சிப்பியின் சாறுதான் சோதனைக்கு வாசனை.

"பத்து மடங்கு விட்டேன். நேத்து நூறு மடங்கு. ஒரு டக் சத்தம்கூட இல்ல. வாசனை பத்தலையோ என்னவோ, ஆயிரம் மடங்கு விடட்டுமா?"

"சிங்கி இறாலுக்கு என்ன கறி விருந்தா வைக்கிறீங்க? ஊத்திக்கிட்டே இருக்கீங்க!"

"பின்ன நான் என்னதான் பண்றது? நீங்களே சொல்லுங்க!" அவர் குரல் உடைந்தது. "என்கிட்ட படிச்ச பிள்ளைங்க மூணு பேரு டாக்டராயிட்டாங்க மேடம். ஸ்டாஃப் ரூமுக்குள்ள போகவே கூச்சமா இருக்கு."

மெஹருன்னிசா எழுந்தார். மூன்று வாரத்தில் முதல்முறையாகச் சிகாமணியின் மேசைக்கு வந்தார்.

சிங்கி இறாலுக்கு மூக்கு கிடையாது. சின்ன மீசையில் இருக்கும் மயிர்களால்தான் மோந்து பார்க்கும். அப்படி ஒரு மீசை கண்ணாடித் தட்டில் கிடந்தது. அதன் நரம்பில் மெல்லிய கம்பி ஒன்று. பக்கத்தில் ஒரு கேன், அதிலிருந்து குழாய் வழியே தண்ணீர் ஓடி மயிர்களை நனைத்துக்கொண்டே இருந்தது. நரம்பின் துடிப்பை டக் டக்கென்று சத்தமாக்க வேண்டிய ஸ்பீக்கர் சும்மா இரைந்துகொண்டிருந்தது.

"வாசனை கரண்டா மாறவே மாறாது சார். எத்தனை தடவை சொல்றது? நரம்போட தோல்ல பொடிப்பொடியா கதவு இருக்கு. மட்டிச் சாறு அதுல போய் ஒட்டினா கதவு திறக்கும். வாசனையோட வேலை அதோட முடிஞ்சுது."

"அப்ப கரண்ட்டு?"

"வெளிய நிக்கிறவன் உள்ள வருவான். அவன் வர்றதுதான் கரண்ட்டு."

"வெளிய யாரு நிக்கிறது?"

இந்தக் கேள்வியைச் சிகாமணி இதுவரை கேட்டதில்லை. பதில் சொல்ல வாயெடுத்த மெஹருன்னிசா நிறுத்திக்கொண்டார். கேனுக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு கேனை அவர் பக்கம் தள்ளினார்.

"குடிங்க."

"மேடம்?"

"குடிங்க சார்!"

சிகாமணி ஒரு கை அள்ளிக் குடித்தார். நம்பாமல் இன்னொரு கை. முகம் வெளிறிப்போனது.

"உப்பே இல்லையே."

"யாரு நிக்கிறதுன்னு கேட்டீங்களே."

"உப்புதான் நிக்கணும். யாருமே நிக்கல," என்றார் சிகாமணி.

கேன்மேல் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: நல்ல தண்ணி. மூன்று வாரத்துக்கு முன் சோதனையைத் தொடங்கியபோது, வாசனை கலக்காத, வடிகட்டிய கடல் தண்ணீர் என்று நினைத்து எழுதியது. கடற்கரையில் நல்ல தண்ணி என்றால் என்னவென்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஏழு வருட ஆராய்ச்சியில் அது மட்டும் விட்டுப்போயிருந்தது.

"சூசை!" என்று சிகாமணி கத்தினார்.

தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் சூசை கையைத் துடைத்தபடி வந்தார். இருபது வருடம் கடலுக்குள் முங்கிச் சிங்கி பிடித்தவர்.

"இந்த கேன்ல என்னத்த ஊத்துறீங்க?"

"நல்ல தண்ணி சார். லாரியில வர்றது. எங்க தெருவுக்கே ரெண்டு நாளைக்கு ஒருக்காத்தான் வருது."

"நான் சுத்தமான கடல் தண்ணியச் சொன்னேன்யா!"

"கடல் தண்ணிய யாரு சார் நல்ல தண்ணிம்பா?"

"ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?"

"கேட்டேனே. மொத நாளே கேட்டேன். கடல்ல கெடக்குற சிங்கிக்கு எதுக்கு சார் நல்ல தண்ணி, அதுல விட்டா செத்துல்ல போகும்னேன். எழுதியிருக்கிறதச் செய்யுங்க, என் உசுர வாங்காதீங்கன்னீங்க."

சிகாமணிக்குத் தான் சொன்னது நினைவிருந்தது.

சூசை போய் வடிகட்டிய கடல் தண்ணீரைக் கொண்டுவந்தார். பழைய நரம்பு செத்திருந்தது. வேறு மீசை எடுத்து, கம்பியைப் பொருத்த மதியம் ஆகிவிட்டது. இரண்டே சொட்டு மட்டிச் சாறு.

டக். டக்டக். டக்டக்டக்டக்டக்.

சிகாமணி மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வெட்கப்படவில்லை. கண்ணைத் துடைத்ததும் கோபம் திரும்ப வந்தது.

"நான்தான் விரட்டிட்டேன். சூசை உங்ககிட்டயாவது வந்து சொல்லியிருக்கலாமே?"

"சொன்னாரு," என்றார் மெஹருன்னிசா.

"எப்ப?"

"மொத வாரமே."

"நீங்க என்ன சொன்னீங்க?"

மெஹருன்னிசா ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தார்.

"சாருக்குத் தெரியும், நீங்க போங்கன்னேன்."