சாவு வீட்டுச் சோறு

ஆற்றங்கரை மடத்தில் உலகம்மையிடம் இருந்த சீடர்களில் மாசிலாமணிதான் மூத்தவர். அவருக்கு அறுபத்து மூன்று வயது. குருவுக்கு நாற்பத்தாறு. மாசிலாமணி பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி சொர்ணம் இறந்த பதினேழாம் நாள் மடத்துக்கு வந்தார்.

இலையில் எதைப் போட்டாலும் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக் கரைத்து விழுங்கிவிடுவார். ஏன் என்று கேட்டால் முறைப்பார். பதினொரு மாதமாக அப்படித்தான் சாப்பிட்டார்.

ஒரு நாள் பகல் பந்தியில் மிளகு ரசமும் பருப்புத் துவையலும் பரிமாறினார்கள். மாசிலாமணி இலையோடு வாரிச் சுவரில் அடித்தார்.

மற்றவர்கள் எழுந்து போனார்கள். உலகம்மை மட்டும் எழவில்லை.

"சோறு உங்களை என்ன செஞ்சுது?"

"அன்னைக்கும் இதுதான் அம்மா."

"என்னைக்கு?"

"அவளை எரிச்சுட்டு வந்த அன்னைக்கு. குளிச்சிட்டு வந்து உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுச் சீனியம்மா சுடுசோறும் ரசமும் துவையலும் கொண்டாந்து வச்சா. தின்னேன். இன்னும் ஒரு கரண்டி போடுன்னு கேட்டு வாங்கித் தின்னேன். அங்க அவ எரிஞ்சு முடியல."

"அதுக்கு முன்னால எப்பச் சாப்பிட்டீங்க?"

"நாலு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில கெடந்தேன். டீத்தண்ணிதான்."

"பசி."

மாசிலாமணி தரையில் ஓங்கி அறைந்தார். "பசிச்சுது, தின்னேன்னா விட்டுரலாம். ருசிச்சுதே அம்மா! அந்த மாதிரி ருசி நான் பொறந்ததுலயிருந்து கண்டதில்ல."

உலகம்மை சுவரில் வழிந்த ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸுல போறப்ப என்ன வாங்கித் தின்பீங்க?"

"வெள்ளரிப் பிஞ்சு. மொளகாப்பொடி தடவினது."

"வீட்டுல?"

"வீட்டுல யாரு தின்னுவா? பஸ்ஸுல தின்னாத்தான் அது வெள்ளரிப் பிஞ்சு." சொல்லி முடிப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்தது. "வெள்ளரிப் பிஞ்சும் அதுவும் ஒண்ணா? எனக்கு வெள்ளரிப் பிஞ்சு கதை சொல்றீங்களா?"

"சரி. ஒண்ணில்ல."

"பிறகு அதே சீனியம்மாகிட்ட அதையே பண்ணித் தரச் சொன்னேன். மூணு தடவை பண்ணினா. வாயில வைக்க முடியல. அப்படின்னா அன்னைக்கு மட்டும் அந்தச் சோத்துக்குத் தொட்டுக்க என்ன இருந்துச்சு? சொல்லுங்க. அவ பொணமா?"



"உங்க மக என்ன சொல்றா?" என்று மட்டும் கேட்டார் உலகம்மை.

"நாய்னு சொன்னா. அதோட பேச்சை விட்டுட்டா."

"வரச் சொல்லுங்க."

"வர மாட்டா."

"நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க."

மூன்றாம் நாள் மகள் கோமதி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் முற்றத்தில் நின்றாள். உலகம்மை பந்தியில் இரண்டு இலை போட்டு, சுடுசோறும் மிளகு ரசமும் பருப்புத் துவையலும் தன் கையாலேயே வைத்தார். மாசிலாமணி ஓர் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்.

கோமதி இலைகளைப் பார்த்ததும் கத்தினாள்.

"இதை இவரு பக்கத்துல உட்கார்ந்து நான் தின்னணுமா? அங்க எங்கம்மா எரியுறா, இங்க இவரு விரலை நக்குறாரு. வந்தவங்கல்லாம் பார்த்தாங்க. எனக்கு அப்படியே மண்ணுக்குள்ள போயிரலாம் போல இருந்துச்சு!"

"அன்னைக்கு நீ என்ன சாப்பிட்ட?"

கோமதி வாசல் பக்கம் பார்த்தாள்.

"உன்னைத்தான் கேக்கேன்."

"தொண்டையில எறங்கல."

"என்ன எறங்கல?"

கோமதி சட்டென்று அப்பாவைப் பார்த்துத் திரும்பினாள். "தின்னேன். அடுக்களைக் கதவைச் சாத்திக்கிட்டுத் தின்னேன். சட்டியை வழிச்சுத் தின்னேன். எனக்கும் ருசிச்சுது. நான் ஒளிஞ்சு தின்னேன். இவரு நடுவீட்டுல உட்கார்ந்து, இன்னும் போடுன்னு கேட்டாரு. அதான் எனக்குப் பொறுக்கல!"

மாசிலாமணி எழுந்துவிட்டார். கால் பட்டு ரசக் கிண்ணம் உருண்டது.

"பதினொரு மாசம்! பதினொரு மாசமா என்னை நாயாக்கி வச்சிருந்தியே! நீயும் தின்னுட்டுத்தானா?"

"ஆமா! தின்னுட்டுத்தான்!"

இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள். மாசிலாமணி குருவின் பக்கம் திரும்பினார். குரல் உடைந்திருந்தது, ஆனால் கோபம் இறங்கவில்லை.

"இப்ப நீங்க சொல்லுங்க அம்மா. நாங்க ரெண்டு பேரும் மனுஷங்கதானா?"

உலகம்மை குனிந்து, உருண்ட கிண்ணத்தை எடுத்து நிமிர்த்தி வைத்தார். அவர் முகத்திலும் இப்போது கோபம் இருந்தது.

"அன்னைக்கு அந்தத் துவையலை மிக்ஸியில போட்டாங்களா?"

"அம்மியில அரைச்சாங்க" என்றாள் கோமதி. "எங்க அடுக்களை ஜன்னல் வழியா அவங்க வீட்டுல நடந்தது எனக்குத் தெரிஞ்சுது. சீனியம்மா அத்தை அழுதுகிட்டேதான் வறுத்தாங்க. அழுதுகிட்டேதான் அரைச்சாங்க."

"பருப்புக் கருகியிருந்துச்சா?"

"இல்ல."

"கண்ணுல தண்ணி மறைக்க மறைக்க, கருகாமப் பார்த்து வறுத்திருக்கா. எதுக்கு வறுத்தா? நீங்க தின்னக்கூடாதுன்னா?"