ஓடமும் பரிசலும்

புதுவெள்ளம் வந்துவிட்டது! நுரை சுமந்து, செம்மண் கரைத்து, கரை முழுதும் ததும்பி ஓடிய ஆற்றைக் கண்டதும் கடம்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

படகுத்துறையின் தலைவியும் அவனுடைய குருவுமாகிய உலகம்மையார் அன்று அவனுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். துறையிலிருந்து கூடல் கரை வரை இருவரும் தனித்தனியே படகு செலுத்த வேண்டும். அவன் முந்தினால், அன்று முதல் துறை அவன் பொறுப்பு. அந்தச் சொல்லுக்காகவே அவன் நெடுநாள் காத்திருந்தான்.

“எந்தப் படகையும் எடுத்துக்கொள்” என்றார் அம்மையார்.

நீண்டு ஒடுங்கிய மர ஓடத்தைக் கடம்பன் எடுத்தான். அம்மையாரோ வட்டப் பரிசலில் ஏறி அமர்ந்தார்.

அவன் சிரிப்பை அடக்க முயன்று தோற்றான். “அம்மா, அது முன்னே போகுமா, நின்ற இடத்திலேயே சுற்றுமா?”

“இரண்டும் செய்யும். நீ புறப்படு, வாய்வீரா.”

ஓடம் அம்பெனப் பாய்ந்தது! சுழியை வெட்டினான், நாணல் திட்டை உரசித் திரும்பினான், முகமெல்லாம் நீர் தெறிக்க, “துறை எனக்கே!” என்று கூவினான். வெகு பின்னால் பரிசல் ஒரு புள்ளியாகச் சுழன்றுகொண்டிருந்தது.

பிறகு அருவியின் இரைச்சல் கேட்டது. அதில் படகு செலுத்துவார் இல்லை. கரையேறி, பாறைவழியே படகைத் தூக்கிச் சென்று, கீழே மீண்டும் நீரில் இறக்குவதே வழக்கம். கடம்பனும் பலமுறை தூக்கியவன்தான். ஆனால் எப்போதும் தோழர் மூவர் உடனிருந்தனர்.

தூக்கினான். ஒரு முனை எழுந்தது, மறுமுனை அசையவில்லை. இழுத்தான். தோள் கொடுத்து முட்டினான். ஓடம் ஒரு சாண் நகர்ந்து பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டது.

பரிசல் வந்து கரை தட்டியது. அம்மையார் இறங்கினார்; அதைக் கவிழ்த்துத் தலைமேல் ஏற்றினார்; நடந்தார். வெளியே தெரிந்தவை இரண்டு கால்களே.

“அம்மா, ஒரு கை கொடுங்களேன்!”

“பந்தயத்திலா?”

கடம்பன் பாறைமேல் அமர்ந்தான். “துறை போயிற்று. இதையாவது சொல்லிவிட்டுப் போங்கள். இந்த ஆற்றுக்கு ஏற்றது பரிசல்தானா?”

கால்கள் நின்றன. பரிசலுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

“ஆற்றுக்கு ஏற்றது உன் ஓடம்தான், கடம்பா. என் கழுத்துக்கு ஏற்றது இது.”